சாரலில் விழும் ட்ரிப்பர்

ஒரு விடியற்காலைச் சந்தேகம்

கடலோரத்தில் வீடு கட்டிக் குடியிருப்போர் பலருடைய மனத்திலும் நெடுநாளாக ஒரு சந்தேகம் உண்டு. ஐப்பசி மாதத்து அடைமழை இரவெல்லாம் கொட்டித் தீர்த்தபோது அசையாமல் நின்ற ட்ரிப்பர், மழையென்று சொல்லத்தக்கதாக ஒன்றுமே இல்லாமல் ஈரக்காற்று மட்டும் வீசுகிற ஒரு விடியற்காலையிலோ, உலர்த்திய துணியைக்கூட நனைக்காத சிறுதூறலிலோ, டப்பென்று விழுந்து வீட்டை இருளாக்கிவிடுகிறது. தூக்கிவிட்டால் மறுபடியும் விழுகிறது. பத்து மணிக்கு வெயில் ஏறியபின் தூக்கிவிட்டாலோ, ஒன்றுமே நடவாததுபோல் மாலைவரையில் நின்றுகொள்கிறது. மின்சாரத்துக்கு ஜலம் பகையென்று சிறுபிள்ளை முதல் அறிந்திருக்கிறோம். அப்படியானால் பெருமழையிலன்றோ அது முதலில் விழவேண்டும்? சாரலுக்கு அஞ்சுகிற சாதனம் வெள்ளத்துக்கு அஞ்சாதிருப்பது ஏன்?

இந்தக் கேள்வி மதுரையிலோ திருச்சியிலோ இருப்பவருக்கு அவ்வளவாக எழுவதில்லை. இராமநாதபுரம் மாவட்டத்தின் தெற்குக் கரையில், சாயல்குடிக்கு அருகே மன்னார் வளைகுடாவைப் பார்த்திருக்கும் மாரியூர் போன்ற ஊரிலே இருப்பவருக்கு ஆண்டுதோறும் எழுகிறது. வருணன் வந்து வழிபட்டதாக ஐதிகம் சொல்லும் பூவேந்தியநாதர் கோயில் ஒருபுறமும், தமிழ்நாடு உப்புக் கழகத்தின் மாரியூர்–வாலிநோக்கம் உப்பளம் மற்றொருபுறமும் அமைந்த அந்த ஊரில், நீரும் உப்பும் ஆகிய இரண்டைப் பற்றியும் மக்களுக்குப் பழுத்த அனுபவம் உண்டு. அவ்விரண்டும் சேர்ந்து வீட்டுச் சுவரில் மாட்டிய ஒரு சிறு பெட்டியில் என்ன செய்கின்றன என்பதை நிதானமாக ஆராய்வதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

பெட்டிக்குள் இருப்பவை

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ‘ட்ரிப்பர்’ என்று பொதுவாக நாம் சொல்லுவது ஒரே சாதனத்தை அன்று. ஒரே பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும், முற்றிலும் வேறுபட்ட காரணங்களுக்காக விழுகிற இரண்டு வகைச் சாதனங்களை அந்தப் பெயரால் அழைக்கிறோம். எலெக்ட்ரீஷியன்கள் எம்.சி.பி. என்று சொல்லும் முதல் வகையைச் சுற்றுத் துண்டிப்பான் என்றும், ஆர்.சி.சி.பி. என்று சொல்லும் இரண்டாம் வகையைக் கசிவுத் துண்டிப்பான் என்றும் இங்கே வழங்குவோம். ‘டெஸ்ட்’ என்றோ அதன் முதலெழுத்தை மட்டுமோ பொறித்த சிறு பொத்தான் எதன் முகத்தில் இருக்கிறதோ, அது பெரும்பாலும் கசிவுத் துண்டிப்பான். பொத்தான் இல்லாமல் வரிசையாக நிற்பவை சுற்றுத் துண்டிப்பான்கள்.

சுற்றுத் துண்டிப்பான் மின்னோட்டத்தின் மிகுதியை மட்டுமே கவனிக்கும். ஜெர்மனியின் மான்ஹைம் நகரைச் சேர்ந்த ஹ்யூகோ ஸ்டோட்ஸின் தொழிற்கூடம் 1924இல் உரிமம் பெற்ற வடிவத்திலிருந்து இன்றுவரை அதனுள் இரண்டு உறுப்புகளே பிரதானமாக இருந்து வருகின்றன. ஒன்று, சூட்டில் வெவ்வேறு அளவில் நீளும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை. மின்னோட்டம் அளவுக்கு மிஞ்சி நெடுநேரம் பாய்ந்தால் பட்டை சூடேறி வளைந்து, கொக்கியை விடுவிக்கிறது. மற்றொன்று, கம்பிச் சுருள். வருகம்பியும் மீள்கம்பியும் நேரே தொட்டுக்கொண்டு மின்னோட்டம் திடீரென்று பல மடங்கு பெருகினால், அது காந்தமாகிக் கணத்தில் கொக்கியை இழுத்துவிடுகிறது. முதலாவது மிகைச்சுமைக்கும், இரண்டாவது ‘ஷார்ட்’ என்று நாம் சொல்லும் குறுக்குச் சுற்றுக்கும் ஆனவை.

பட்டையின் நிதானம் பலருக்கு வியப்பைத் தரக்கூடியது. 16 ஆம்பியர் என்று பொறித்த துண்டிப்பான் பதினேழாவது ஆம்பியரில் விழுந்துவிடும் என்று எண்ணுகிறோம். நியமத்தின்படி 18 ஆம்பியர் பாய்ந்தாலும் அது ஒரு மணி நேரம் நின்றாக வேண்டும். ஏறத்தாழ 23 ஆம்பியர் பாய்ந்தால்தான் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். இந்தக் கணக்கும் சுற்றுப்புற வெப்பம் 30 டிகிரியாக இருக்கும்போது செய்த கணக்கு. சித்திரை வெயிலில், மேற்குச் சுவரில் பதித்த பெட்டிக்குள் உஷ்ணம் அதனினும் மிக அதிகமாக இருக்குமாதலால், அதே துண்டிப்பான் சற்று முன்னதாகவே விழும். உப்புக் காற்றில் திருகாணி அரித்துப் பிடிப்புத் தளர்ந்திருந்தாலும், அந்தத் தளர்ந்த இடத்தில் பிறக்கும் சூடு பட்டைக்கு ஏறி, சுமை சரியாக இருக்கும்போதே அதை விழச்செய்யும். கோடையில் பிற்பகலிலும் இரவிலும், ஏ.சி.யோ ஹீட்டரோ ஓடிச் சில நிமிஷங்கள் கழிந்தபின் விழுகிற விழுகை பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தது. விடியற்காலைச் சாரலில் விழுவது இதுவன்று; அது பக்கத்தில் இருக்கிற மற்றதன் வேலை.

போனதும் வந்ததும்

பேஸ் என்னும் வருகம்பி வழியே வீட்டுக்குள் செல்லும் மின்னோட்டம், விளக்கிலும் விசிறியிலும் வேலை செய்துவிட்டு, நியூட்ரல் என்னும் மீள்கம்பி வழியே அதே அளவில் திரும்பிவிட வேண்டும். காலையில் கடலுக்குச் சென்ற படகுகளும் மாலையில் கரையேறிய படகுகளும் எண்ணிக்கையில் ஒத்திருக்கின்றனவா என்று கரையில் நின்று பார்ப்பவரைப் போலக் கசிவுத் துண்டிப்பான் இந்தப் போக்கையும் வரவையும் ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டு கம்பிகளும் அதனுள் ஓர் இரும்பு வளையத்தின் ஊடே செல்கின்றன. போவதும் வருவதும் சமமாயின், வளையத்தில் ஒன்றின் காந்த விளைவை மற்றொன்று அழித்துவிடும். வித்தியாசம் உண்டானாலோ, வளையத்தில் எஞ்சிய காந்தசக்தி ஒரு மெல்லிய சுருளில் சிறு மின்னோட்டத்தைத் தூண்ட, அது கொக்கியைத் தட்டிவிடுகிறது.

திரும்பி வராத பங்கு எங்கே போயிற்று? ஈரச் சுவர் வழியாகவோ, ஒரு கருவியின் உலோக உடல் வழியாகவோ, எர்த் என்னும் நிலக்கம்பி வழியாகவோ பூமிக்குப் போயிற்று. அல்லது அந்தக் கருவியைத் தொட்டுக்கொண்டு வெறுங்காலோடு நிற்கும் ஒரு மனிதரின் உடல் வழியாகப் போயிற்று. இவற்றுள் எதன் வழியாக என்பதைத் துண்டிப்பான் அறியாது. ஒரு படகு வரவில்லை என்று மட்டும் கரையில் நிற்பவருக்குத் தெரியுமேயன்றி, எது எங்கே நின்றது என்பது தெரியாது. பின்னே வரப்போகும் கணக்குக்கு இது முக்கியமானதாகையால் வாசகர் இதை மனத்தில் இருத்திக்கொள்வது நலம்.

வீடுகளில் பொருத்தும் கசிவுத் துண்டிப்பானின் அளவு 30 மில்லி ஆம்பியர், அதாவது ஓர் ஆம்பியரை ஆயிரமாகப் பங்கிட்டால் அதில் முப்பது பங்கு. நம் வீட்டு 230 வோல்ட்டில் இது ஏழு வாட் சக்திக்குச் சமானம். எந்தச் சுற்றுத் துண்டிப்பானும் இவ்வளவு அற்பமானதைக் கவனிக்கவே கவனியாது. ஆனால் மனித உடல் கவனிக்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஆசிரியராக இருந்த சார்ல்ஸ் டால்சீல், தாமே முன்வந்த மனிதர்களைக் கொண்டு செய்த பரீட்சைகளில், ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியரிலும் பெண்களுக்குப் பத்தரையிலும் கைத்தசைகள் இறுகிப் பிடித்த கம்பியை விடமுடியாத நிலை உண்டாவதைக் கண்டார். கசிவை உணர்ந்து துண்டிக்கும் சாதனம் ஒன்றை 1961இல் அவரே அமைத்தார். இதயத்தின் துடிப்பு நிலைகுலைவதற்கு மின்னோட்டத்தின் அளவோடு அது பாயும் நேரமும் காரணமாதலால், முப்பது மில்லி ஆம்பியரில் மூன்றிலொரு வினாடிக்குள்ளாகவும், அதனினும் பெரிய கசிவில் இன்னும் விரைவாகவும் துண்டித்துவிட்டால் உயிர் தப்பும் என்பதே இந்த அளவின் அடிப்படை.

இன்னொரு நுட்பமும் உண்டு. முப்பது என்று பொறித்திருந்தாலும் அது முப்பதில்தான் விழும் என்பதில்லை. பதினைந்துக்குக் கீழே விழக்கூடாது, முப்பதுக்கு மேலே நிற்கக்கூடாது என்பதுதான் நியமம். இடையில் எங்கே விழுவது என்பது ஒவ்வொரு சாதனத்தின் சுபாவம்.

உப்பு செய்யும் வேலை

இனிக் கடற்கரைக்கு வருவோம். அலை உடையும்போது நீருக்குள் அகப்பட்ட காற்றுக் குமிழிகள் மேலே வந்து வெடித்து, கண்ணுக்குத் தெரியாத துளிகளைக் காற்றில் எறிகின்றன. துளியிலுள்ள நீர் வற்றிவிட, உப்பின் நுண்துகள் மட்டும் காற்றோடு கரையேறி, சுவரிலும் கம்பியிலும் விளக்குக் கூட்டிலும் சுவிட்சுப் பலகையின் இடுக்கிலும் படிகிறது. தெற்கு நோக்கிய கரையாதலால், கடலிலிருந்து வீசும் சோழகக் காற்று மாதக்கணக்காக இந்த வேலையைச் செய்கிறது. மழையில்லாத அந்த மாதங்களில் படிந்த உப்பு படிந்தபடியே இருக்கும். இந்தக் கரையின் காற்று உலோகத்தை என்ன பாடு படுத்தும் என்பதற்குப் பாம்பன் பாலமே போதிய சாட்சி; 1948இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1953இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், உலோகங்கள் அரிக்கும் வேகத்தை அளப்பதற்கென்று மண்டபத்திலே ஒரு நிலையம் வைத்திருப்பதும் அதனாலேதான்.

ஆனால் காய்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. தூய நீரும் ஏறக்குறையக் கடத்தாது. இது பலருக்கு நம்பமுடியாததாகத் தோன்றலாம். உப்பு நீரில் கரையும்போது அதன் அணுக்கள் மின்னூட்டம் பெற்ற துணுக்குகளாகப் பிரிந்து, நீருக்குள் நடமாடும் சுதந்திரத்தைப் பெறுகின்றன. அயனி என்று பெயர்பெற்ற இந்தத் துணுக்குகளே மின்சாரத்தைச் சுமந்து செல்கின்றன. ஸ்வீடன் தேசத்து அறிஞர் அர்ரீனியஸ் 1884இல் இந்தக் கருத்தை வெளியிட்டபோது ஐயத்துக்கு உள்ளாகி, 1903இல் அதற்காகவே நோபல் பரிசு பெற்றார். லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கும் கடல்நீர், மிகத் தூய நீரைக்காட்டிலும் ஏறக்குறையப் பத்து லட்சம் மடங்கு எளிதாக மின்சாரத்தைக் கடத்துகிறது. ஆகவே மின்சாரத்துக்குப் பாதை போடுவது தனி நீரும் அன்று, தனி உப்பும் அன்று. உப்பு கரைந்த ஈரப்படலம்.

அந்த ஈரத்தைப் பெற உப்புக்கு மழை வேண்டியதில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினாலே சோற்றுப்பு காற்றிலுள்ள நீராவியை இழுத்துத் தானே கரைந்து கசியத் தொடங்கும். கடல்நீரில் அதனோடு கூடவே இருக்கும் மக்னீசியம் குளோரைடு என்னும் உப்போ 33 சதவீதத்திலேயே கசிந்துவிடும். மாரிக்காலத்தில் அடுக்களை உப்புச் சாடியில் நீர் கோப்பது இதனால்தான். உப்பளத்திலே உப்பு விளைந்தபின் பாத்தியில் எஞ்சும் கசப்பு நீரை வடித்து அகற்றிவிடுவதால், மக்னீசியத்தின் பெரும்பங்கு அந்த நீரோடு போய்விடுகிறது. காற்று கொண்டுவந்து நம் விளக்குக் கூட்டில் படியவிடும் உப்பையோ யாரும் அப்படி வடித்துத் தருவதில்லை. கடலில் உள்ளதெல்லாம் அதில் உண்டு. ஆகையால் விடியற்காலையில், உஷ்ணம் குறைந்து ஈரப்பதம் உச்சத்துக்கு ஏறும் வேளையில், படிந்திருந்த உப்பு முழுவதும் ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலமாக மாறி, பிளாஸ்டிக்கின் மேலும் பீங்கானின் மேலும் மின்சாரத்துக்கு ஒரு கள்ளவழியை அமைத்துவிடுகிறது. இதைப் புறப்பரப்புக் கசிவு எனலாம். வெயில் ஏறியதும் ஈரப்பதம் தாழ்ந்து, படலம் காய்ந்து, வழி அடைபட்டுப்போகிறது.

பெருமழை பொறுத்துக்கொள்வது ஏன்

இப்போது முதற்கேள்விக்கு விடை கிட்டிவிட்டது. அடைமழை உப்பைக் கரைத்து அங்கேயே விட்டுவைப்பதில்லை. கழுவிக் கீழே இறக்கிவிடுகிறது. மழைநீரில் கரைந்த உப்பு மிகச் சொற்பமாதலால், கழுவியபின் எஞ்சிய ஈரம் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்துவதில்லை. தூறலோ, பனியோ, ஈரக்காற்றோ உப்பைக் கரைக்கும் அளவுக்கு ஈரத்தைத் தந்து, கழுவும் அளவுக்குத் தருவதில்லை. ஆறு மாதம் சேர்ந்த உப்பின்மேல் விழும் முதற்சாரலே ஆண்டில் மிகவும் கெட்ட வேளை.

வீட்டுக்கு மட்டுமா இது? உயர்மின் கோபுரங்களில் கம்பியைத் தாங்கும் பீங்கான் குமிழ்களை அடுக்கடுக்கான பாவாடைபோல் செய்திருப்பதற்குக் காரணமே, அவற்றின் மேற்பரப்பில் கசிவு கடக்க வேண்டிய தூரத்தை நீட்டுவதுதான். உலகெங்கும் கடலோர மின்பாதைகளில் பொறியாளர்கள் அஞ்சுவது பெருமழைக்கன்று. நெடிய வறட்சிக்குப் பின்வரும் மூடுபனிக்கும் சிறுதூறலுக்குமே அஞ்சுகிறார்கள். மழை தவறிய காலத்தில் அந்தக் குமிழ்களை நீர் பாய்ச்சிக் கழுவுவதும் உண்டு. பெரிய பாதையில் நடப்பதுதான் நம் வாசல் விளக்கிலும் சிறு அளவில் நடக்கிறது.

மாரியூரில் ஒரு வீடு: ஒரு கணக்கு

காரணம் புரிந்துவிட்டால் குற்றவாளியைக் கண்டுபிடிப்பது எளிதென்று தோன்றும். அது அவ்வளவு எளிதன்று என்பதை ஒரு கற்பனை வீட்டை வைத்துப் பார்ப்போம். மாரியூரில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு வீடு. அதில் வாசற்கதவருகே ஒரு விளக்கு, கிணற்றில் ஒரு மோட்டார், ஒரு சலவை இயந்திரம், ஒரு குளிர்சாதனப் பெட்டி, மற்ற விளக்குகளும் விசிறிகளும் உள்ளன. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே கசிவுத் துண்டிப்பான். அதன் சுபாவம் 22 மில்லி ஆம்பியரில் விழுவது என்று வைத்துக்கொள்வோம்.

ஐப்பசி மாதத்து விடியற்காலையில் இந்த வீட்டின் கசிவுகள் இவ்வாறு இருக்கின்றன. வாசல் விளக்கில் 11; சலவை இயந்திரத்தில் 3; குளிர்சாதனப் பெட்டியில் 2; மற்றவை அனைத்திலும் சேர்ந்து 1. ஆகமொத்தம் 17 மில்லி ஆம்பியர். சலவை இயந்திரம் பழுதில்லாதது. ஆயினும் இக்காலத்து மின்னணுக் கருவிகள் பலவற்றில் மின்னிரைச்சலை வடிகட்டும் உறுப்புகள் உள்ளனவாதலால், நல்ல நிலையிலும் அவை சிறிது கசியும். பதினேழு இருபத்திரண்டுக்குக் குறைவாகையால் ட்ரிப்பர் நிற்கிறது. ஐந்து மணிக்குத் தொட்டி நிரப்ப மோட்டாரைப் போடுகிறார்கள். அதன் கசிவு 6. கூடுதல் 23 ஆகிவிட, ட்ரிப்பர் விழுகிறது.

வீட்டார் என்ன முடிவுக்கு வருவார்கள்? மோட்டாரைப் போட்டால் விழுகிறது, நிறுத்தினால் நிற்கிறது; ஆகவே மோட்டார்தான் கெட்டுவிட்டது என்பார்கள். இது பிரத்தியட்சமான சாட்சியம்போலத் தோன்றுகிறது. மோட்டாரைக் கழற்றிச் சாயல்குடிக்கு அனுப்பி, சுருள் கட்டி, பணம் கொடுத்துத் திரும்பக் கொண்டுவருகிறார்கள். அதன் கசிவு இப்போது 2, கூடுதல் 19. ட்ரிப்பர் நிற்கிறது; தீர்ப்பு சரியென்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். கார்த்திகையில் மழை ஓய்ந்திருந்த ஒரு வாரத்தில் வாசல் விளக்கில் மேலும் உப்பேறி அதன் கசிவு 15 ஆகிறது. கூடுதல் மறுபடியும் 23. ட்ரிப்பர் விழுகிறது. இம்முறை கடைசியாகப் போட்டது சலவை இயந்திரமாயிருந்தால், பழி அதன்மேல் விழும்.

கடைசியாகச் சேர்ந்தது எதுவோ அதுவே காரணம் என்று அனுமானிப்பதில் உள்ள பிழை இதுதான். விழுகை ஒரு கூட்டுத்தொகையைத்தான் அறிவிக்கிறது. அந்தத் தொகையில் யாருடைய பங்கு எவ்வளவு என்பதை அறிவிப்பதில்லை. ஒவ்வொன்றையும் தனியாகப் போட்டுப் பார்த்தாலும் பயனில்லை: இந்த வீட்டில் எதுவும் தனியே 22ஐ எட்டவில்லையாதலால் எல்லாம் நிரபராதிகளாகத் தோன்றும். ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தாலும் பயனில்லை: ஐப்பசிக் கணக்கில் இரண்டு மில்லி ஆம்பியரே கசியும் குளிர்சாதனப் பெட்டியை எடுத்தாலும் கூடுதல் 21 ஆகி ட்ரிப்பர் நின்றுவிடும்; எல்லாம் குற்றவாளிகளாகத் தோன்றும்.

அளவும் பருவமும்

ஒரே கருவி முற்றிலும் பழுதாகி, அதன் கசிவு தனியே முப்பதைத் தாண்டியிருந்தால் மட்டுமே, ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்க்கும் பழைய முறை தவறாமல் விடை தரும். பல சிறு கசிவுகள் கூடி நிற்கும் கடற்கரை வீட்டுக்கு இரண்டு துணைகள் வேண்டும்.

முதல் துணை அளவு. எலெக்ட்ரீஷியன் வைத்திருக்கும் மெக்கர் என்னும் கருவி, சப்ளையை முழுவதும் நிறுத்தியபின் கம்பிக்கும் பூமிக்கும் இடையே 500 வோல்ட் அழுத்தத்தைச் செலுத்தி, காப்பு எவ்வளவு தடை தருகிறது என்று சொல்லும். மின்னணுக் கருவிகளை எல்லாம் கழற்றிய பின்னரே இதைச் செய்ய வேண்டும். நல்ல காப்பின் தடை பத்து லட்சம் ஓமும் அதற்கு மேலும் இருக்கும். அவ்வழியே 230 வோல்ட்டில் கசிவது கால் மில்லி ஆம்பியருக்கும் குறைவு. நம் கற்பனை வீட்டு வாசல் விளக்கிலோ தடை ஏறத்தாழ இருபத்தோராயிரம் ஓமுக்கு இறங்கியிருக்கும். இந்த ஒரு எண் மோட்டாரைத் தண்டச் செலவிலிருந்து காப்பாற்றியிருக்கும். ஆனால் அளப்பதை விடியற்காலையில் அளக்க வேண்டும். எலெக்ட்ரீஷியன் பதினோரு மணிக்கு வந்து அளந்தால், காய்ந்த விளக்கு கால் மில்லி ஆம்பியருக்கும் குறைவாகவே கசியும். ‘எல்லாம் நன்றாக இருக்கிறது’ என்று அவர் சொல்லிச் செல்வது அந்த வேளைக்கு முழு உண்மை.

இரண்டாம் துணை பருவம். அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். எந்த நாளில், எந்த மணியில், எந்தக் காற்றில் விழுந்தது என்று பெட்டியின் கதவிலேயே ஒரு தாளை ஒட்டிக் குறித்து வந்தால், பத்துப் பதினைந்து விழுகைகளில் ஓர் ஒழுங்கு தென்படும். ஈரப்பதத்தோடு ஏறி இறங்குவது வெளியில் இருப்பவற்றின் கசிவே: வாசல் விளக்கு, மாடிச் சாக்கெட், மோட்டாரின் ஸ்டார்ட்டர், அழைப்பு மணியின் பொத்தான். அறைக்குள் இருக்கும் சலவை இயந்திரத்தின் மூன்று மில்லி ஆம்பியர் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். ஆகையால் காலைக்கும் நண்பகலுக்கும் இடையே மாறுபடுவது எது என்று கேட்பதே சரியான கேள்வி. அந்தக் கேள்வியோடு தேடினால், கூட்டைத் திறந்ததும் உள்ளே வெண்மையாகப் பூத்த உப்பும், பச்சையேறிய செம்புத் திருகாணியும், சில வேளைகளில் செத்த பல்லியும் எறும்புப் புற்றும் கண்ணில் படும்.

விழாத ட்ரிப்பர்

இவ்வளவையும் படித்த ஒருவர், ‘எங்கள் வீட்டில் அது ஒரு நாளும் விழுந்ததில்லை’ என்று ஆறுதல் கொள்ளலாம். அந்த ஆறுதலையும் சற்றுச் சோதித்தாக வேண்டும். கசிவு பூமிக்குப் போய்ச் சேர வழி இருந்தால்தான் வித்தியாசம் உண்டாகும். எர்த் கம்பி அறுந்தோ, அரித்தோ, ஆதியிலேயே இணைக்கப்படாமலோ இருந்தால், கசிந்த மின்சாரம் கருவியின் உலோக உடலில் வழியின்றி நிற்கும். யாராவது ஈரக்காலோடு வந்து தொடும்வரையில் ட்ரிப்பருக்கு விஷயமே தெரியாது. எர்த் சரியாக உள்ள வீட்டில் மனிதர் தொடுவதற்கு முன்பே விழும். எர்த் இல்லாத வீட்டில் தொட்ட பின்பு விழும். இரண்டுக்கும் உள்ள அந்தரம் பெரிது.

எர்த்துக் குழியிலே கரியும் உப்பும் இட்டு நீர் விடுவது நம் நாட்டு வழக்கம். மேலே கசிவை உண்டாக்கிக் கெடுதல் செய்கிற அதே உப்பு, மண்ணுக்குள் மின்சாரத்துக்கு வழிவிட்டு நன்மை செய்கிறது. கடலோரத்து உவர்மண்ணுக்கு இந்தக் குணம் இயல்பாகவே உண்டு. ஆனால் அந்த மண் குழிக்குள் இறக்கிய இரும்புக் குழாயையும், அதைப் பற்றியிருக்கும் கவ்வியையும் விரைவாக அரித்துவிடும். மண் நன்றாயிருக்க, குழாய் இல்லாமற்போகும். உள்நாட்டிலே பல ஆண்டு தாங்கும் எர்த்து இந்தக் கரையில் அவ்வளவு தாங்குமென்று எதிர்பார்க்கலாகாது.

வீட்டுக்காரர் செய்யத்தக்கவை

ட்ரிப்பர் விழுந்தால் முதலில் எது விழுந்தது என்று பார்க்க வேண்டும். சுற்றுத் துண்டிப்பான் விழுந்திருந்தால், அந்தச் சுற்றிலுள்ள கருவிகளை நிறுத்தி, சில நிமிஷம் ஆறவிட்டு, ஒருமுறை தூக்கலாம். தூக்கிய கணத்திலேயே விழுந்தால் அது குறுக்குச் சுற்று. மறுபடி தூக்குவது நெருப்போடு விளையாடுவது. கசிவுத் துண்டிப்பான் விழுந்திருந்தால், சுற்றுத் துண்டிப்பான்கள் எல்லாவற்றையும் இறக்கி, பிளக்குகளையும் கழற்றிவிட்டு, அதைத் தூக்கி, பிறகு சுற்றுகளை ஒவ்வொன்றாகப் போடலாம். பிளக்கைக் கழற்றச் சொல்வது காரணத்தோடுதான்: பல வீடுகளில் சுற்றுத் துண்டிப்பான் வருகம்பியை மட்டுமே துண்டிக்கிறது, மீள்கம்பி பூமியைத் தொட்டுக்கொண்டிருக்கும் பழுது, துண்டிப்பான் இறங்கிய பின்பும் நீடித்திருக்கும். இவற்றைச் செய்யும்போது கை உலர்ந்திருக்க வேண்டும். காலில் செருப்பு இருக்க வேண்டும். பெட்டியின் மூடியைக் கழற்றுவது, கம்பியைத் தொடுவது, மெக்கர் போடுவது ஆகியவை உரிமம் பெற்றவருடைய வேலை.

செய்யத்தகாதவை இரண்டு. அடிக்கடி விழுகிறதென்று 16 ஆம்பியர் துண்டிப்பானை எடுத்துவிட்டு 32 ஆம்பியர் வைத்தால், காக்கப்பட வேண்டிய கம்பி சூடேறி எரியும்வரை அது காத்திருக்கும். அக்காலத்தில் பீஸ் கட்டையில் தடித்த கம்பியைச் சுற்றிய வழக்கத்தின் மறுபிறப்பே இது. தொல்லை தாளாமல் கசிவுத் துண்டிப்பானை ஒதுக்கி நேர்க்கம்பி கொடுத்துவிடுவது அதனினும் கொடிது. விழுகை மெய்யாகவே தொல்லையாயின், வெளிப்புற விளக்குகளுக்கும் மோட்டாருக்கும் ஒன்று, வீட்டின் உட்புறத்துக்கு ஒன்று என இரண்டு கசிவுத் துண்டிப்பான்களாகப் பிரித்துவிடலாம். நம் கற்பனை வீட்டில் ஐப்பசி விடியலின் 23 மில்லி ஆம்பியர், வெளியே 17, உள்ளே 6 என்று பிரிந்து, இரண்டும் நிற்கும். எது விழுந்தாலும் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறையும்.

இவையெல்லாம் விழுந்தபின் செய்பவை. உப்பு சேரும் காலமும் சாரல் வரும் காலமும் ஆண்டுதோறும் முன்கூட்டியே தெரிந்தவையாதலால், புரட்டாசியிலேயே செய்யத்தக்கவை சில உண்டு. மெயின் சுவிட்சை இறக்கியபின், வெளிவிளக்குகளின் கூடுகளையும் சாக்கெட் மூடிகளையும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து உப்பை எடுத்து, நன்றாக உலரவிட வேண்டும். சிதைந்த ரப்பர் வளையங்களை மாற்ற வேண்டும். எர்த்துக் கவ்வியைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கச் சொல்லி, எர்த்தின் தடையை அளக்கச் சொல்ல வேண்டும். மின்சாரம் வந்தபின் கசிவுத் துண்டிப்பானின் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும்; மாதம் ஒருமுறை அழுத்துவது நல்ல வழக்கம். அழுத்தியும் அது விழாவிட்டால், வீட்டிலுள்ள மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் மாற்ற வேண்டியது அதுவே.